மனச்சிதைவு, கூடிய எடை, இதயம்: லேப் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு குடும்பத்தார் கேட்கும் கேள்விகள்

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கு மாத்திரை எடுக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், அவருடைய தூக்கம், சந்தேகம், தனியாகப் பேசுவது எல்லாவற்றையும் கவனிக்கக் குடும்பம் தானாகவே பழகிவிடும். ரத்தப் பரிசோதனையைக் கவனிக்க யாரும் பழக்குவதில்லை. என் அண்ணன் பதினேழு வருடமாக மாத்திரையில் இருக்கிறார். முதல் ஏழு வருடம் அவருடைய கொலஸ்ட்ராலை யாரும் பார்க்கவில்லை, நானும்தான். அப்புறம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, மற்ற குடும்பத்தார் என்னிடம் கேட்ட கேள்விகளாகவே இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ஏன் என்பதும் கீழே வருகிறது.

மாத்திரை மனதுக்குத்தானே? இதயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பதினைந்து ஆண்டு போல முன்னாலேயே இறந்துபோகிறார்கள். இதைச் சொன்னவுடன் எல்லோருக்கும் தற்கொலைதான் நினைவுக்கு வரும். அந்த ஆபத்து உண்மை. நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் அது கூடுதல். ஆனால் மொத்தக் கணக்கில் அதிகம் பேரைக் கொண்டுபோவது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தக்குழாய் நோய்கள்தான்.

காரணம் ஒன்றல்ல. மாத்திரையால் ஏறும் எடை ஒன்று. பீடி சிகரெட் ஒன்று. நாள் முழுக்கப் படுக்கையிலேயே கிடப்பது ஒன்று. ‘நெஞ்சை அடைக்குது’ என்று அவர் சொன்னால், ‘இது வேற புதுசா ஆரம்பிச்சுட்டான்’ என்று நாம் தள்ளிவிடுவதும் ஒன்று.

நோய்க்கே இதில் கொஞ்சம் பங்கு இருக்கிறது. மனநோயாளிகள் உள்ள குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தலைகாட்டுகிறது என்று இங்கிலாந்தின் மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி 1879-இலேயே எழுதிவிட்டார். மனச்சிதைவுக்கான முதல் மருந்தான குளோர்ப்ரோமசின் பாரிசில் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது 1952-இல்தான். 2003-இல் வெளிவந்த அயர்லாந்து ஆய்வு ஒன்றில், மாத்திரையே தொடாத 26 புதிய நோயாளிகளின் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்தார்கள். நான்கு பேருக்கு அது இயல்புக்கு மேல் இருந்தது. ஒப்பிடுவதற்காகச் சேர்த்த நலமானவர்களில் ஒருவருக்கும் இல்லை. எனவே பழி முழுவதையும் மாத்திரையின் மேல் போட முடியாது.

ஆறே மாதத்தில் என் மகனுக்குப் பழைய சட்டை ஒன்றும் சேரவில்லை. எல்லா மாத்திரையும் இப்படித்தானா?

இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 1999-இல் வெளியான கணக்கு இன்றைக்கும் நல்ல வழிகாட்டி. பத்து வாரத்தில் குளோசபின் சராசரியாக 4.45 கிலோ, ஒலான்சபின் 4.15, ரிஸ்பெரிடோன் 2.1, பழைய மருந்தான ஹாலோபெரிடால் 1.08, ஜிப்ரசிடோன் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பின்னால் வந்த அரிப்பிப்ரசோலும் எடை அதிகம் ஏற்றாத பக்கம்தான் நிற்கிறது. இவை பத்து வாரக் கணக்கு. ஏறுவது அதோடு நின்றுவிடுவதில்லை.

இது வாய்க்கட்டுப்பாடு இல்லாத குறை அல்ல. இந்த மருந்துகள் மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகள் சிலவற்றை அடைக்கின்றன. அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வருவதும் ஹிஸ்டமின் அடைபடுவதால்தான். இங்கே தூக்கத்தோடு பசியும் சேர்ந்து வருகிறது. வயிறு நிறைந்தது என்கிற சேதி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து சோற்றுப் பானையைத் திறக்கும் பிள்ளையை நாம் திட்டியிருக்கிறோம். திட்டியிருக்க வேண்டாம்.

இன்னொன்று. எடை ஏறாதவர்களுக்கும் ரத்தக் கொழுப்பும் சர்க்கரையும் ஏறலாம். ‘அவள் ஒல்லியாகத்தானே இருக்கிறாள்’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

ரிப்போர்ட்டில் இருபது எண் இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது?

ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்.டி.எல். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்மில் பலரும் ‘மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருக்கிறதா’ என்று பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை மடித்துவிடுகிறோம். மனச்சிதைவும் எடையும் சேர்ந்த உடம்பில் கதை வேறு இடத்தில் நடக்கிறது.

வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது கொழுப்பு அமிலங்களைக் கல்லீரலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாகக் கட்டி ரத்தத்தில் விடும். ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கூடினால் எச்.டி.எல். குறையும். ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். துகள்களும் சிறுத்து அடர்த்தியாகிவிடும். அளவு என்று பார்த்தால் எல்.டி.எல். பெரிதாகக் கூடியிருக்காது, ஆனால் அதே அளவு கொலஸ்ட்ராலை நிறையக் குட்டித் துகள்கள் சுமந்து திரியும். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைவது இந்தத் துகள்கள்தான். அவை எத்தனை என்பதுதான் முக்கியம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைடு 240. லேப் சூத்திரப்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்.டி.எல். 128. பார்த்தால் பெரிய பயமில்லை. இப்போது மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழியுங்கள்: 176. இதற்கு நான்-எச்.டி.எல். என்று பெயர், கெட்ட துகள்கள் எல்லாவற்றிலும் இருக்கும் கொலஸ்ட்ரால் இதில் அடங்கும். 130-க்குள் இருப்பது நல்லது. 176 என்றால் மருத்துவரிடம் பேச வேண்டிய எண். இதைக் கணக்கிடத் தனிப் பணம் வேண்டாம், ஒரு கழித்தல் போதும். சில லேப்கள் ரிப்போர்ட்டிலேயே போட்டுவிடுகின்றன.

ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல். ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்.-ஆல் வகுத்தால் 3-ஐத் தாண்டுகிறது என்றால், உடம்பு இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை என்று சந்தேகிக்கலாம். மேலே சொன்னவருக்கு அது 7. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிவிட்டால் மேற்படி சூத்திரமே செல்லாது, எல்.டி.எல்.-ஐ நேரடியாக அளக்க வேண்டும். 500-க்கு மேல் போனால் கணையம் வீங்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. அதற்கு அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் யாருக்குமே எச்.டி.எல். குறைவுதான். அப்படியானால் இது பரம்பரைதானே?

பாதி சரி. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) எடுத்த பெரிய ஆய்வின் 2014-ஆம் ஆண்டு முடிவில், நூற்றுக்கு 72 பேருக்கு எச்.டி.எல். குறைவு என்று தெரிந்தது. நம் ஊர் உடம்புக்கு அது ஏற்கெனவே இருக்கிற பள்ளம். மாத்திரையும் எடையும் அதை இன்னும் தோண்டுகின்றன.

எச்.டி.எல்.-ஐ மட்டும் தூக்கிவிடும் மருந்துகளைப் பெரிய ஆய்வுகளில் போட்டுப் பார்த்தார்கள். எண் ஏறியது, மாரடைப்பு குறையவில்லை. அதனால் குறைந்த எச்.டி.எல். ஓர் எச்சரிக்கை விளக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைக்கப் பணம் செலவழிக்க வேண்டாம்.

‘மெட்டபாலிக் சிண்ட்ரோம்’ என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இது இன்னொரு நோயா?

நோய் என்பதைவிட ஒரு கூட்டணி என்று சொல்லலாம். ஐந்து விஷயம்: இடுப்புச் சுற்றளவு, ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல்., ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை. இவற்றில் மூன்று எல்லை மீறியிருந்தால் அந்தப் பெயர். ட்ரைகிளிசரைடுக்கும் எச்.டி.எல்.-க்கும் எல்லை மேலே சொன்னதுதான். அழுத்தம் 130/85, சர்க்கரை 100. இடுப்புக்கு அமெரிக்க அளவு நமக்குப் பொருந்தாது. தெற்காசியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80. பேன்ட் சைஸைச் சொல்லி ஏமாற வேண்டாம். தொப்பைக்குக் கீழே பேன்ட் போடுகிறவர்தான் அதிகம். இஞ்ச் டேப்பை விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும்.

இது எவ்வளவு பரவலானது என்பதை நன்றாகக் காட்டியது அமெரிக்காவின் கேட்டி ஆய்வு. 57 இடங்களில் ஏறத்தாழ 1,500 மனச்சிதைவு நோயாளிகளைச் சேர்த்து, 2005-இல் முடிவு வெளியிட்டார்கள். ஆய்வில் சேரும்போதே பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கூட்டணி இருந்தது. ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு எண். கொழுப்புக் கோளாறு இருந்தவர்களில் நூற்றுக்கு 88 பேர் அதற்கு எந்த மருந்தும் எடுக்கவில்லை. ரத்த அழுத்தம் இருந்தவர்களில் 62 பேர், சர்க்கரை இருந்தவர்களில் 30 பேர். அவர்கள் டாக்டரையே பார்க்காதவர்கள் அல்ல, மனநல சிகிச்சையில் இருந்தவர்கள்.

ராஞ்சியில் மத்திய மனநல நிறுவனத்தில், அதுவரை மாத்திரை எடுக்காத புதிய நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது, மாத்திரை ஆரம்பித்து ஆறே வாரத்தில் சிலருக்கு இந்தக் கூட்டணி முழுசாகச் சேர்ந்துவிட்டது. ‘மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கு இங்கே இடமில்லை.

சர்க்கரைக்கு எந்தப் பரிசோதனை? வெறும் வயிறா, மூன்று மாதச் சராசரியா?

முடிந்தால் இரண்டும். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை என்றால் சர்க்கரை நோய் வாசலில் நிற்கிறது. 126-உம் அதற்கு மேலும் என்றால் உள்ளே வந்துவிட்டது. எச்.பி.ஏ.1சி என்கிற மூன்று மாதச் சராசரியில் 5.7 முதல் 6.4 வரை வாசல், 6.5-இல் இருந்து நோய். இரண்டாவதற்குப் பட்டினி வேண்டாம் என்பதால் நம் ஆட்களுக்கு வசதி. ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு அது பொய்யாகக் கூடிக் காட்டலாம். நம் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று யோசித்தால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களிலோ மாதங்களிலோ திடீரென்று தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, அசதி, மூச்சு வாங்குதல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. ஒலான்சபின், குளோசபின் எடுப்பவர்களில் மிகச் சிலருக்கு எடை பெரிதாக ஏறாமலே சர்க்கரை அபாய அளவுக்குப் போயிருக்கிறது. 2003-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்தப் புதிய வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் சர்க்கரை பற்றிய எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது இதனால்தான்.

லேப்பில் ‘இதய பேக்கேஜ்’ என்று சி.ஆர்.பி., ஹோமோசிஸ்டீன் எல்லாம் சேர்த்துப் போடுகிறார்கள். எடுக்கலாமா?

காசு மீதி இருந்தால். இல்லையென்றால் மேலே சொன்ன சாதாரணப் பரிசோதனைகளை வருடம் தவறாமல் எடுப்பது அதைவிட மேல். இருந்தாலும் ஒவ்வொன்றையும் பற்றித் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

எச்.எஸ்.-சி.ஆர்.பி. என்பது உடம்புக்குள் புகைந்துகொண்டிருக்கும் அழற்சியின் அளவு. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே ஆபத்து குறைவு, 3-க்கு மேல் கூடுதல். தொப்பைக் கொழுப்பும் புகையும் இதை ஏற்றும். மனச்சிதைவிலும் இது சராசரியாகச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பல்லில் சீழ், சளி, காய்ச்சல் எது இருந்தாலும் இது எகிறிவிடும். 10-க்கு மேல் வந்தால் இதயக் கணக்கில் சேர்க்காமல், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். எடை கூடிய ஒருவருக்கு இது 4 என்று வந்தால், அவருக்குத் தொப்பை இருக்கிறது என்பதைத்தான் முக்கால்வாசி சொல்கிறது. அதைச் சொல்ல இஞ்ச் டேப் போதும்.

குளோசபின் புதிதாகத் தொடங்குபவருக்கு மட்டும் சி.ஆர்.பி.-க்கு வேறொரு வேலை உண்டு. முதல் நான்கு வாரங்களில் அபூர்வமாக இதயத் தசையில் அழற்சி வரலாம். அதைப் பிடிக்க, இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினோடு சேர்த்து வாரா வாரம் பார்க்கும் முறையை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முன்வைத்தார்கள். அங்கே எண் 100-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தும் பேச்சு. இதையும் மேலே சொன்ன 3-ஐயும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஹோமோசிஸ்டீன் என்பது ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம். அது மனச்சிதைவு உள்ள இளைஞர்களிடம் கூடுதலாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் வைட்டமின் கொடுத்து அதைக் குறைத்தாலும் மாரடைப்பு குறையவில்லை என்பது பெரிய ஆய்வுகளின் முடிவு. சைவ உணவுக்காரர் என்றால் நேராக பி12 பார்த்துவிடுங்கள், அதற்குத் தனிப் பயன் உண்டு.

எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன் சிறிய ஏ மட்டும் வாழ்நாளில் ஒரு முறை பார்க்கத் தகும். அது கிட்டத்தட்ட முழுவதும் பிறப்பில் வருவது. சோற்றாலோ நடையாலோ மாறாது. அப்பாவோ சித்தப்பாவோ ஐம்பது வயதுக்குள் மாரடைப்பில் போயிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எண்களில் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

அப்போ-பி பரிசோதனையும் உண்டு. ஒவ்வொரு கெட்ட துகளிலும் ஓர் அப்போ-பி மூலக்கூறு இருப்பதால், அது துகள்களின் தலை எண்ணிக்கை. கிடைத்தால் நல்லது. கிடைக்காத ஊரில் நான்-எச்.டி.எல். போதும்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும்?

அமெரிக்க நீரிழிவு சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2004-இல் ஓர் அட்டவணை போட்டன. மாத்திரை தொடங்கும் முன் எடை, இடுப்பு, அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஒரு முறை. எடை 4, 8, 12-ஆம் வாரங்களிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும். அழுத்தமும் சர்க்கரையும் 12-ஆம் வாரத்திலும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையும். கொழுப்பு 12-ஆம் வாரம், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. இந்தக் கடைசி ‘ஐந்து வருடம்’ எனக்கு ஒப்புதல் இல்லை. பின்னால் வந்த வழிகாட்டுதல்கள் பலவும் வருடா வருடம் என்கின்றன. நம் ஊர் உடம்புக்கு அதுதான் சரி.

தொடங்கும் முன் எடுத்த எண்தான் தங்கம். அது இல்லையென்றால் பிறகு வருவதை எதோடு ஒப்பிடுவது? முதல் தடவை நோய் முற்றிய நிலையில் வந்தவரிடம் யாருக்கும் அந்த நிதானம் இருக்காது. புரிகிறது. இரண்டு வாரத்துக்குள் எடுத்தாலும் பரவாயில்லை.

குளோசபின் எடுப்பவர்களுக்கு ஒரு வசதி. வெள்ளை அணு குறைகிறதா என்று பார்க்க எப்படியும் ஊசி குத்துகிறார்கள். அதே குத்தில் இன்னொரு குப்பி ரத்தம் எடுத்துச் சர்க்கரை, கொழுப்பு பார்த்துவிடச் சொல்லுங்கள். என் அண்ணனுக்கு நான்கு வருடம் மாதா மாதம் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணு மட்டுமே பார்த்தார்கள். நாங்களும் கேட்கவில்லை.

பட்டினி கிடக்கவே மாட்டேன் என்கிறான். இரவில் எழுந்து பிஸ்கட் சாப்பிட்டுவிடுகிறான். என்ன செய்வது?

அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். சாப்பிட்ட பின் எடுத்த கொழுப்புப் பரிசோதனையும் செல்லும் என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2016-இல் சொல்லிவிட்டது. மொத்தமும் எச்.டி.எல்.-உம் பெரிதாக மாறாது, நான்-எச்.டி.எல். கணக்கு அப்படியே நிற்கும். ட்ரைகிளிசரைடு கொஞ்சம் கூடும். மிக அதிகமாக வந்தால் மட்டும் பட்டினியில் மறுபடி எடுக்கலாம். சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1சி இருக்கிறது.

லேப்காரரிடம் ‘பிஸ்கட் சாப்பிட்டார்’ என்று சொல்லிவிடுங்கள். மறைத்தால் எண் பொய்யாகிவிடும். ஊசி என்றாலே சந்தேகப்படுபவராக இருந்தால், எதற்கு எடுக்கிறார்கள் என்பதை முந்தின நாளே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. ‘சும்மா கடைக்குப் போய்ட்டு வரலாம் வா’ என்று கூட்டிப்போனால் அடுத்த தடவை கடைக்குக்கூட வர மாட்டார்.

எண்கள் மோசமாக வந்துவிட்டன. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. பின்லாந்தில் 66,881 நோயாளிகளை 1996 முதல் 2006 வரை பின்தொடர்ந்து பார்த்ததில், எந்த மாத்திரையும் எடுக்காதவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். எடை ஏற்றுவதில் முதலிடத்தில் இருக்கும் குளோசபின் எடுத்தவர்களின் இறப்பு, மாத்திரை எடுத்தவர்களிலேயே குறைவு. வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? தெளிவாக இருப்பவர் நேரத்துக்குச் சாப்பிடுவார், டாக்டரிடம் வருவார், வலித்தால் வலிக்கிறது என்று சொல்வார். அதையும் ஒரு காரணமாக எண்ணிப் பார்க்கலாம்.

நிறுத்துவது வேறு, மாற்றுவது வேறு. மாற்றுவது பற்றி நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆதரவில் நடந்து 2011-இல் வெளிவந்த கேம்ப் ஆய்வு. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 27-க்கு மேல், நான்-எச்.டி.எல். 130-க்கு மேல் இருந்த 215 பேர். எல்லோரும் ஒலான்சபின், குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் மூன்றில் ஒன்றை எடுத்து ஓரளவு நிலையாக இருந்தவர்கள். பாதிப் பேரைப் பழைய மருந்திலேயே விட்டார்கள், பாதிப் பேரை அரிப்பிப்ரசோலுக்கு மாற்றினார்கள். உணவு, உடற்பயிற்சி ஆலோசனை இரு பக்கத்துக்கும் உண்டு. ஆறு மாதத்தில் மாறியவர்களுக்கு நான்-எச்.டி.எல். 20 குறைந்தது, மாறாதவர்களுக்கு 11. எடை முறையே 3.6 கிலோவும் 0.7 கிலோவும் குறைந்தது.

மாறாதவர்களுக்கும் 11 குறைந்தது என்பதைக் கவனியுங்கள். மாறியவர்களில் நூற்றுக்கு 44 பேர் புதிய மருந்தைப் பாதியில் விட்டார்கள். மாறாதவர்களில் விட்டவர்கள் 25 பேர் மட்டுமே. நோய் மோசமானது இரு பக்கத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆக, மாற்றம் உதவும், எல்லோருக்கும் ஒத்துவராது. பல மருந்து பார்த்துத் தோற்றுக் கடைசியாகக் குளோசபினில் தெளிந்தவருக்கு இந்தப் பேச்சே கிடையாது. அவருக்கு மருந்தை அப்படியே வைத்துக்கொண்டு எண்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஏற்கெனவே கைநிறைய மாத்திரை. இதில் ஸ்டாட்டினும் மெட்ஃபார்மினும் வேறா?

எனக்கும் முதலில் இதே சலிப்புதான். ஆனால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே வேலை செய்கிறது. மலிவான மாத்திரை. எண்ணைப் பார்த்து மருத்துவர் எழுதினால் மறுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரை என்றாலும் எடைக்கும் கொடுக்கிறார்கள். 2008-இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வில், மாத்திரையால் எடை ஏறிய 128 புதிய நோயாளிகளைப் பன்னிரண்டு வாரம் பார்த்தார்கள். மெட்ஃபார்மினும் உணவு-நடைப் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 4.7 கிலோ குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் 3.2, பயிற்சி மட்டும் என்றால் 1.4, இரண்டும் இல்லாதவர்களுக்கு 3.1 கிலோ ஏறியது. அமெரிக்காவில் பல வருடமாக நோய் உள்ளவர்களிடம் 2013-இல் இதே மருந்தைப் பார்த்தபோது, பதினாறு வாரத்தில் போலி மாத்திரையைவிட 2 கிலோதான் கூடுதலாகக் குறைந்தது. ட்ரைகிளிசரைடு 20 போல இறங்கியது. முன்னாலேயே தொடங்கினால் பலன் அதிகம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நாள்பட எடுத்தால் பி12 குறையலாம், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பேசப்படும் எடை ஊசிகளில் ஒன்றான லிராகுளுடைடை, ஒலான்சபின் அல்லது குளோசபின் எடுத்த 103 பேருக்கு டென்மார்க்கில் பதினாறு வாரம் கொடுத்துப் பார்த்து 2017-இல் வெளியிட்டார்கள். சர்க்கரை வாசலில் நின்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியது. விலைதான் நம் வீட்டுக்கு எட்டவில்லை.

சோற்றை நிறுத்தினால் ட்ரைகிளிசரைடு இறங்குமா?

நிறுத்த முடியாது, நிற்கவும் மாட்டார். பசி மருந்தால் வருவது என்று சொன்னேன் அல்லவா. முதலில் குடிப்பதை மாற்றுங்கள்: ஒரு நாளைக்கு ஐந்து தடவை சர்க்கரை போட்ட டீ, கலர், பாக்கெட் ஜூஸ். ட்ரைகிளிசரைடு எண்ணெயால் மட்டும் ஏறுவதில்லை, சர்க்கரையாலும் மாவாலும் ஏறும். எங்கள் வீட்டில் டீயில் சர்க்கரையை மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்ததுதான் முதலில் எண்ணில் தெரிந்தது. அப்புறம் சோற்றுக்கு முன்னால் ஒரு கிண்ணம் சுண்டலோ பொரியலோ. இரவில் கைக்கு எட்டுகிற இடத்தில் பிஸ்கட் பாக்கெட் வேண்டாம், வெள்ளரிக்காயும் வறுகடலையும் இருக்கட்டும்.

அமெரிக்காவில் மேரிலாந்தில் 291 பேருடன் நடந்த ஆய்வு, உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் 18 மாதம் விடாமல் செய்தால் மாத்திரையோடே எடை குறையும் என்று 2013-இல் காட்டியது. கூடுதலாகக் குறைந்தது சராசரி 3.2 கிலோ. சின்ன எண்தான். ஆனால் முதல் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடக் கூடாது என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

அவர் பீடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகுமா?

நிறைய சரியாகும். எச்.டி.எல். ஏறும், அழற்சி குறையும், மாரடைப்பு ஆபத்து இறங்கும். ஒரே எச்சரிக்கை: புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலைத் தூண்டிக் குளோசபினையும் ஒலான்சபினையும் வேகமாக வெளியேற்ற வைக்கின்றன. திடீரென்று புகை நின்றால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடிவிடும். தூங்கி வழிவார், எச்சில் ஒழுகும். நிறுத்தப் போகிறார் என்றால் மனநல மருத்துவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், அளவைச் சரி செய்வார்.

இந்த ரிப்போர்ட்டை யாரிடம் காட்டுவது? மனநல மருத்துவர் ‘பொது மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்கிறார். அவர் ‘மனநல மாத்திரை இருக்கிறதே, அங்கேயே கேளுங்கள்’ என்கிறார்.

கேட்டி ஆய்வின் அந்த 88 பேர் விழுந்த பள்ளம் இதுதான் என்று நினைக்கிறேன். பரிசோதனை இல்லாத குறை அல்ல, எண்ணை யாரும் சொந்தமாக்கிக்கொள்ளாத குறை. எங்களையும் ஒரு வருடம் இப்படி அலைக்கழித்தார்கள். கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடை, இடுப்பு, அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல்., நான்-எச்.டி.எல். என்று கட்டம் போட்டு எழுதினேன். பின்பக்கம் இப்போது எடுக்கும் மாத்திரைகளின் பட்டியல். இரண்டு மருத்துவரிடமும் அதே நோட்டை நீட்டினேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்தார்.

மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்துக் கணிப்பு எண் ஏதாவது சொன்னார்கள் என்றால், மனச்சிதைவையும் மாத்திரையையும் அதில் சேர்த்தார்களா என்று கேளுங்கள். பழைய கணிப்பான்களில் அதற்கு இடமே இல்லை, அதனால் குறைத்துச் சொல்லிவிடும். இங்கிலாந்தில் 2017-இல் வந்த க்யூரிஸ்க்-3 தீவிர மனநோயையும் இந்த வகை மருந்துகளையும் தனித்தனியாகக் கேட்கிறது.

உங்கள் அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?

ட்ரைகிளிசரைடு 310-இல் இருந்தது, போன தடவை 172. நான்-எச்.டி.எல். 126. எச்.டி.எல். மட்டும் 36-இலேயே உட்கார்ந்துகொண்டு ஏற மாட்டேன் என்கிறது. இப்போது நோட்டில் அவரே எழுதுகிறார், கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அடுத்த பரிசோதனை ஐப்பசிக் கடைசியில். தீபாவளிக்கு முன்னாலேயே எடுத்துவிடலாமே என்று ஒரு வாரமாக என்னிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.